நடக்காத பிள்ளைக்கு அவிச்ச கொழுக்கட்டை

அந்தப் பையைக் கொஞ்சம் நவுத்திக்கோம்மா, கால நீட்டணும். மடக்கியே வச்சிருந்தா விறைச்சுக்கிடும், பொறவு எந்திரிக்க நேரமாவும். எனக்கு ஒண்ணுமில்ல, இந்த பஸ்ஸுல சீட்ட நெருக்கிப் போட்டிருக்கான். மனுசன் உக்காருததுக்கா போட்டிருக்கான், மூட்டை அடுக்குததுக்குப் போட்டிருக்கான்.

எங்க போறேன்னா கேட்ட? அம்பாசமுத்திரம். தென்காசியில எறங்கி மாத்தி ஏறணும். அங்க எங்க சித்தி மவ இருக்கா. என் ஊரு வாசுதேவநல்லூரு. தம்பி வீட்டுல இருந்தேன். தம்பி வீடுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன், அது எங்க அப்பா கட்டின வீடு, நான் பொறந்த வீடு. ஐம்பத்தோரு வருசத்துல ஒரு வாரம் சேந்தாப்புல அந்த வீட்ட விட்டு வெளிய இருந்ததில்ல. இன்னைக்குக் காலையில வந்துட்டேன். யாரும் போகச் சொல்லல. என்னைப் போகச் சொல்ல அங்க எவளுக்கு வாயிருக்கு? நானாத்தான் வந்தேன்.

எல்லாம் ஒரு சின்னப் பிள்ளையால வந்தது. பெனிட்டாவாம், பாளையங்கோட்டைக்காரி. பிள்ளைங்க கால நீட்டி மடக்கி விடுததுக்குப் படிச்சிருக்கா. சிரிக்காத, நெசமாத்தான். நாலரை வருசம் காலேசுல உக்காந்து படிச்சிருக்கா. எங்க காலத்துல பிள்ளையக் குளிப்பாட்டுத எவளும் செஞ்ச வேலை. இப்பம் அதுக்கு ஒரு கோட்டு, ஒரு ஸ்கூட்டி, தோள்ல ஒரு பை.

இரு, முதல்ல இருந்து சொல்லுதேன். தென்காசி வர நேரம் கெடக்கு.

என் தம்பி பேரு சங்கரலிங்கம். நெல்லு மண்டியில எடை போடுதான். எங்க அம்மா சாவும்போது அவனுக்கு மூணு வயசு, நான்தான் வளத்தேன். நல்ல பய. சாயந்திரம் ஆனா மட்டும் கெண்டைக்கால் இழுக்குன்னு உக்காந்துக்கிடுவான், நாள் பூரா நிக்க வேலைல்லா. அவனுக்குச் சொந்தத்துல ஒரு பொண்ணு பாத்து வச்சிருந்தேன். கேக்கல. விருதுநகர் பக்கம் போயி ஒரு செண்பகவல்லியக் கட்டிட்டு வந்தான். அசல், எங்களுக்கு ஒறவு கெடையாது. வாயத் தெறக்க மாட்டா, எது சொன்னாலும் தலைய ஆட்டிட்டு அடுக்களைக்குப் போயிருவா. அந்த மாதிரி ஆளுகள நம்பக் கூடாதும்மா. பேசுதவள நம்பலாம்.

அவங்களுக்கு ஒரு பொம்பளப்பிள்ள. நாலு வயசு முடிஞ்சிருக்கு. பேரு ருத்விகாவாம். எந்தச் சாமி பேரும் இல்லாம போனைப் பாத்து வச்ச பேரு. நான் பாப்பான்னுதான் கூப்பிடுவேன். அவ என்னை அத்தைன்னு கூப்பிட மாட்டா, 'அத்தே அத்தே'ன்னு ரெண்டு தடவை சேத்துத்தான் கூப்பிடுவா. சோறு நான் ஊட்டினாத்தான் எறங்கும். பெத்தவ கையில வாங்க மாட்டா. அதுல அவளுக்கு எரிச்சல்தான், எனக்குத் தெரியாதா.

ஒரு வயசாச்சு, பாப்பா நடக்கல. ஒண்ணரை ஆச்சு, நடக்கல. புடிச்சு நிப்பாட்டினா குதிகால் தரையில படாது, விரல் நுனியில நிக்கும். ரெண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிடும். நான் நல்லெண்ணெய் போட்டு உருவினேன், வேப்பெண்ணெய் போட்டு உருவினேன். பொறவு திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ரத்தம் எடுத்து எங்கயோ அனுப்பினாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தாளக் குடுத்தாங்க. பரம்பரையா வாரதாம். நரம்பு இறுகிப் போவுமாம். உயிருக்கு ஒண்ணுமில்லையாம், ஆனா சின்னதுல இருந்தே தெனமும் வீட்டுல வச்சு கால இழுத்து விட்டுப் பழக்கலன்னா, வளர வளர முட்டி மடங்கியே போயிருமாம். பொறவு நாற்காலிதானாம்.

பரம்பரைன்னு எழுதின பொறவு பேச்சு எதுக்கு? அவ பரம்பரைதான். வேற யாரு பரம்பரை? எங்க வீட்டுல எல்லாருக்கும் இரும்புக் காலு. எங்க அப்பா நாப்பது வயசுலயே கம்பு ஊன்ற ஆரம்பிச்சாரு, அது சைக்கிள்ல இருந்து விழுந்ததுனால. எங்க பெரியப்பா கடைசி வரைக்கும் செவரப் புடிச்சு நடந்தாரு, அவரு குடிப்பாரு. வேற யாருக்கு என்ன? அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தா எந்தப் பக்கம்னு தெரியும்னு டாக்டர் சொன்னாராம். 'என் தம்பி ரத்தத்த எதுக்கு எடுக்கணும், குத்தம் எங்க இருக்கோ அங்க எடுங்க'ன்னு நான் சொல்லிட்டேன். அவன் எடுக்கல. அவளும் எடுக்கல. எடுக்கேன்னு அவ சொன்னா, நான்தான் எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்துக்கு ஊசி எதுக்குன்னு விட்டுட்டேன்.

அவள நான் சும்மா விடலம்மா, ஒளிக்காமச் சொல்லுதேன். ரெண்டரை வருசம் சொன்னேன். சோறு வைக்கும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன். 'நல்ல கால் இருந்த வீட்டுக்குள்ள கோணக் காலக் கொண்டாந்துட்டியே'ம்பேன். தலையக் குனிஞ்சுக்கிடுவா.

இதுக்கு நடுவுல தெரு. தெருவுல வாய் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு முப்பிடாதின்னு ஒருத்தி இருக்கா. கடல்ல இருந்து மீனு வந்தாக்கூட அது என்ன வயித்துவலியில வந்துச்சுன்னு விசாரிக்கவ. 'என்ன மைனி, பாப்பா எட்டு வச்சுட்டாளா, கொழுக்கட்டை எப்பம்'னு தெனமும் கேக்கா. எங்க பக்கம் பிள்ள நடக்க ஆரம்பிச்சா கொழுக்கட்டை அவிச்சுத் தெருவுக்குக் குடுக்கணும். அத்தைக்காரி அவிக்கணும், அது என் உரிமை. அவ பேரன் பத்தாவது மாசமே நடந்துட்டான், அதுக்கு அவிச்சாளுக பாரு ஒரு கொழுக்கட்டை, கல்லு. அத வாயில போட்டுட்டு நான் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.

பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடிஞ்ச மறுநாளு நான் ஒரு வேலை செஞ்சேன். ரெண்டு படி பச்சரிசி இடிச்சேன். வெல்லம், தேங்காய், ஏலக்காய், ஒண்ணுலயும் கை சுருக்கல. நூத்தி இருவது கொழுக்கட்டை அவிச்சேன். பெரிய தூக்குச்சட்டியில போட்டு வீடு வீடாப் போயி, 'நேத்து அடுக்களையில பாப்பா மூணு எட்டு வச்சுட்டா'ன்னு சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் வாங்கினாளுக. எல்லாரும் சந்தோசம்னாளுக. முப்பிடாதி ரெண்டு கூடக் கேட்டு வாங்கினா.

ஆமா, பாப்பா நடக்கலதான். அதனால என்ன? இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு நடக்கப் போறா, கொழுக்கட்டை ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு, அவ்வளவுதான். செண்பகம் மாவு பெசைஞ்சுக்கிட்டே அழுதா. நல்ல காரியத்துல எதுக்குட்டி அழுகேன்னு ஒரு அதட்டு அதட்டினேன்.

ரெண்டு மாசத்துல நடக்கல. அதுதான் தப்பாப் போச்சு. நடக்குத பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே திரிஞ்சா கேப்பாளுகள்லா? அதனால வெளியவே விடல. வாசல் கதவச் சாத்திட்டேன். தேர் பாக்கணும்னா சன்னல். அய்ஸ்காரன் வந்தா நான் போயி வாங்கியாருவேன். பாப்பா தூங்குதா, பாப்பாவுக்குச் சளி, பாப்பா அவ மாமா வீட்டுக்குப் போயிருக்கா. ரெண்டு வருசம் ஒருத்திக்கும் தெரியாம வச்சிருந்தேன். லேசுப்பட்ட காரியமா?

அப்பந்தான் இந்த பெனிட்டா வந்தா. போன தை மாசம். தம்பி ஆஸ்பத்திரியில சொல்லி ஏற்பாடு பண்ணிட்டான், எங்கிட்டக் கேக்கல. செவ்வாயும் வெள்ளியும் வருவா. வந்ததும் சொல்லிட்டேன், 'யாரு கேட்டாலும் பாட்டு டீச்சர்னு சொல்லு.' 'எனக்குப் பாட வராதே ஆன்ட்டி'ங்கா. ஆன்ட்டியாம். பாட வராதவ வாயையாவது மூடிக்கிட்டு இருக்கணும்லா? பாப்பா காலப் புடிச்சுக்கிட்டு, குதிகால ஒரு உள்ளங்கையில வச்சு, பாதத்த மேல பாத்து மெதுவா அமுக்கிக்கிட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு முப்பது வரைக்கும் சத்தமா எண்ணுவா. பொறவு அடுத்த கால். பொறவு முட்டி. பொறவு தொடைய விரிச்சு. எல்லாத்துக்கும் முப்பது. ஒரு வாரத்துல முப்பிடாதி கேட்டுட்டா, 'என்ன மைனி, பாட்டுச் சத்தமே காணோம், கணக்கு டீச்சரா?' அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்கணுமே, சவம்.

இவ செய்யுதது பத்தாதுன்னு வீட்டையே மாத்துதா. டிவி பாக்கும்போது பாப்பாவச் செவரோட சாச்சு, ஒரு சரிவுப் பலகையில குதிகால அழுத்தி நிக்க வைக்கணும். சாப்பிடும்போது உருண்டைத் தலையணையில குதிரை ஏறுத மாதிரி கால விரிச்சு உக்காரணும். காலுக்குப் பிளாஸ்டிக்குல ஒரு கூடு செஞ்சு மாட்டிட்டா, படுக்கும்போதும் அது கெடக்கணும். 'நான் வாரத்துல ரெண்டு மணி நேரந்தான் ஆன்ட்டி, மீதி எல்லாம் நீங்கதான் செய்யணும்'ங்கா. பொறவு நீ எதுக்கு? செண்பகம் எல்லாத்தையும் அப்படியே செஞ்சா. காலையில எண்ணெய் தேய்க்கும்போது, பவுடர் போடும்போது, கதை சொல்லும்போது, எப்பம் பாத்தாலும் கால அமுக்கிக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணு. பாப்பாவும் கூட எண்ணுவா. இருவத்தேழுக்குப் பொறவு நேரா முப்பதுக்குத் தாவிருவா, கள்ளி.

அந்த பெனிட்டாவுக்குக் கண்ணு ஒரு எடத்துல நிக்காது. ஒருநாள் நோட்டுல வட்டமும் கட்டமுமா வரைஞ்சுக்கிட்டு, எங்க வீட்டுல யாரு யாருக்குக் கால் பிரச்சினைன்னு கேக்கா. இரும்புக் காலுன்னு சொன்னேன். எழுதல. போகும்போது வாசல்ல கெடந்த என் செருப்ப எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கா. முன் நுனி தேஞ்சிருக்கு, பின்னாடி புதுசா இருக்கு. இப்பம் செருப்பு எல்லாம் அப்படித்தான் செய்யுதான், மூணு மாசத்துல முன்னாடி ஓட்டை விழுந்துருது. 'இது உங்க செருப்பா ஆன்ட்டி'ன்னா. பொறவு யாரு செருப்பு? எடுத்துட்டுப் போறதுன்னா போ, உனக்கு அளவு சரியா இருக்காதுன்னு சொன்னேன்.

எனக்குக் கல்யாணம் ஆகலையான்னு நீ கேக்கல, ஆனா கேக்கணும்னு இருக்க, தெரியுது. மூணு எடம் வந்துச்சு. கடைசியா சிவகிரியில இருந்து வந்தாங்க. காப்பி குடிச்சாங்க, என்னை ரெண்டு தடவை முற்றத்துக்கும் வாசலுக்கும் நடக்கச் சொன்னாங்க, போயிட்டாங்க. தகவல் இல்ல. போட்டும், அந்த மாப்பிள்ளை மூக்கு எனக்கும் புடிக்கல. நான் குதிச்சுக் குதிச்சு நடப்பேன், எங்க அப்பா அதத் துள்ளு நடைம்பாரு. நடக்கப் பாக்க வந்தவனுக்கு நடை புடிக்கலன்னா அவன் கண்ணுல கோளாறு.

எங்க விட்டேன்? ஆமா, பங்குனியில ஒரு தள்ளுவண்டி கொண்டாந்தா, நாலு கால் வச்சது, புடிச்சுக்கிட்டு நடக்குதது. எங்க வீடு நீளம் பதினாறு அடி. பாப்பா பதினாறு அடி போவா, செவர் வந்துரும், திரும்பத் தெரியாம நிப்பா. 'நேரா நீளமாப் போனாத்தான் ஆன்ட்டி இடுப்புக்குப் பலம் வரும், வெளிய தெருவுல நடக்க வைக்கணும்'ங்கா. நான் முடியாதுன்னுட்டேன். காரணமும் சொல்லிட்டேன், மறைக்கல. கொழுக்கட்டை குடுத்தாச்சு, ரெண்டு வருசம் முன்னாடி நடந்த பிள்ளைய இப்பம் வண்டியில புடிச்சு நடக்க வச்சா, ஊரு என்ன சொல்லும்? அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. அடக்கிக்கிட்டா, பாத்தேன். பொறவு மூஞ்சி மாறிப்போயி செண்பகத்துக்கிட்டச் சொல்லுதா, 'அஞ்சு வயசுக்குள்ள பழகினது நிக்கும் அக்கா. இந்த வருசத்த விட்டுறாதீங்க.' அவ எப்பவும் போல தலையக் குனிஞ்சா. அதோட முடிஞ்சதுன்னு நான் நெனைச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். தெரு முக்குல திரும்புதேன். தெருவுல ஒரே கூட்டம். நடுவுல பாப்பா. காலுல பிளாஸ்டிக் கூடு, கையில வண்டி. பின்னாடி செண்பகம், தொடாம, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வாரா. தலைய நிமித்தியிருக்கா. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து அவ தலைய நிமித்தி நான் பாத்ததில்ல. தெருப் பிள்ளைக எல்லாம் ஓரமா நின்னு முப்பது எண்ணுதுக. எட்டு வைக்க வைக்க எண்ணுதுக.

அங்கனயே விளக்குக் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என் மானம் தெருவுல நாலு கால்ல உருண்டு போவுதும்மா. பாப்பா என்னைப் பாத்துட்டா. 'அத்தே அத்தே, நான் தெருவுல வாரேன்'னா. விழுந்தா. ஒருத்தியும் தூக்கல, செண்பகம் தூக்க விடல. அதுவே வண்டியப் புடிச்சு எந்திரிச்சுச்சு. திரும்ப நடந்துச்சு. எனக்கு அழுகை வந்துட்டு. அழுகை வந்துச்சுன்னு சொல்லுததுல என்ன, நான் வளத்த பிள்ளைல்லா அது. முப்பத்தோரு எட்டு. நானும் எண்ணினேன்.

சரி, இனி மறைக்க என்ன இருக்குன்னு முப்பிடாதிகிட்டப் போயி, 'நடுவுல ஒரு காய்ச்சல் வந்து கால் விழுந்துட்டு, இப்பம் திரும்பப் பழக்குதோம்'னு ஆரம்பிச்சேன். அவ என் கையப் புடிச்சுக்கிட்டா.

"விடுங்க மைனி. அன்னைக்கே தெருவுக்கே தெரியும். பிள்ள நடக்கணும்னு நெனைச்சுத்தான் எல்லாரும் தின்னோம்."

பாத்தியா கொழுப்ப? ரெண்டு வருசம் தெரிஞ்சுக்கிட்டே பாட்டு டீச்சர் எப்பிடி இருக்கான்னு கேட்டிருக்கா. அதோட நிறுத்தினாளா? பாப்பா போறதப் பின்னாடி இருந்து பாத்துட்டு, நல்ல வார்த்தை சொல்லுததா நெனைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொல்லுதா.

"அப்படியே அத்தை நடை மைனி. அந்தத் துள்ளு, அந்த விரல் ஊன்றது, உரிச்சு வச்சிருக்கு."

கூட நின்ன நாலு பேரும் ஆமா ஆமாங்காளுக. சிறுசு ஒண்ணு என்னை மாதிரியும் பாப்பா மாதிரியும் நடந்து காட்டுது. ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

செண்பகம் திரும்பினா. என் மூஞ்சியப் பாக்கல. என் காலப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. பொறவு நிமிந்து என்னைப் பாத்தா. இத்தனை நாளும் நான் அவள என்னென்ன பேசியிருக்கேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தா நான் பத்து சொல்லி முடிச்சிருப்பேன். சொல்லலம்மா. வண்டியத் திருப்பிக் குடுத்து, 'வா பாப்பா, வீடு வரைக்கும் நட'ன்னுட்டுப் போயிட்டா. சோறு போட்டா. எப்பவும் போலத்தான் போட்டா. எனக்குத்தான் எறங்கல.

செவ்வாய்க்கிழமை பெனிட்டா வந்தா. வாசல்லயே மறிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், சின்னப் பிள்ளைங்க பெரியவங்களப் பாத்துப் பழகுமான்னு. 'ஆமா ஆன்ட்டி, பாத்துத்தான் நெறைய பழகும், ஆனா நடை...'ன்னு இழுத்தா. ஆனாவுக்குப் பொறவு எனக்கு எதுக்கு? வேண்டியது கெடைச்சுட்டு. அவ விடாம, 'நீங்களும் வந்து உக்காருங்க ஆன்ட்டி, உங்க குதிகாலையும் ஒரு தடவை பாக்கேன், உங்களுக்கும் வலி கொறையும்'ங்கா. ஐம்பத்தோரு வயசுல பொட்டப்பிள்ள ஒருத்தி கையில கால நீட்டிக்கிட்டு நான் ஒண்ணு ரெண்டு எண்ணணுமாம். போடின்னுட்டேன்.

உனக்காவது புரியுதா? ரத்தமும் இல்ல, பரம்பரையும் இல்ல. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒருத்தனுக்கும் தோணல. பொறந்ததுல இருந்து அந்தப் பிள்ள என் பின்னாடியேதான் தவந்துச்சு. அடுக்களைக்குப் போனா அடுக்களை, கிணத்தடிக்குப் போனா கிணத்தடி. கதவச் சாத்தி வேற ஒருத்தர் நடக்கவே பாக்க விடாம வச்சிருந்தது நான். பாத்தது பூரா என் நடைதான். அதான் ஒட்டிக்கிட்டு. ஆறு மாசம் நான் கண்ணுல படாம இருந்தா மறந்துரும். தெருவுல எத்தனை பேரு நடக்காளுக, அவளுகளப் பாத்துப் பழகட்டும். முப்பிடாதியப் பாத்துக்கூடப் பழகட்டும், அவ நடை நேராத்தான் இருக்கும்.

தம்பிகிட்ட மட்டும் சொன்னேன். அக்கா கோட்டித்தனம் பண்ணாதன்னு கையப் புடிச்சு அழுதான். செண்பகத்துகிட்டச் சொல்லல. அவளுக்கு எதுக்குச் சொல்லணும், சோறு ஊட்டுத வேலை இனி அவளுக்குத்தான். இருவத்தேழுக்குப் பொறவு இருவத்தெட்டு வரும்னு அவளே சொல்லிக் குடுத்துக்கிடட்டும்.

பாப்பா எந்திரிக்க ஏழு மணி ஆவும். நான் அஞ்சரைக்கே கெளம்பிட்டேன். நான் நடந்து போறத அவ பாத்துரக் கூடாதுல்லா.